சனி வியாழன் ஆனது: கிளார்க்கின் நான்கு ஒடிஸிகள்

(முன்னெச்சரிக்கை: நான்கு புத்தகங்களின் முடிவும் கீழே வருகிறது. முடிவு தெரிந்தால் கோபம் வரும் என்பவர்கள் முதலில் அவற்றைப் படித்துவிட்டு வரலாம். கட்டுரை எங்கும் ஓடிவிடாது :-))

விண்வெளிக் கதைத் தொடர்களின் ரசிகர்கள் இரண்டு விஷயங்களுக்குத்தான் அதிகம் சண்டை போடுவார்கள். ஒன்று, எந்த பாகம் நல்ல பாகம் என்பது. இன்னொன்று, முதல் பாகத்தில் சொன்னதும் மூன்றாம் பாகத்தில் சொன்னதும் ஏன் ஒத்துப்போகவில்லை என்பது. முதல் சண்டை ரசனை சம்பந்தப்பட்டது, தீராது. இரண்டாவது சண்டையைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம்.

ஒரு கதை இருபது, முப்பது வருடம் ஓடினால் அது மாறாமல் இருக்க முடியாது. எழுதுகிறவருக்கு வயதாகிறது. படிக்கிறவர்கள் மாறுகிறார்கள். அதைவிட முக்கியமாக, அறிவியல் மாறுகிறது. நேற்றுவரை வெறும் ஒளிப்புள்ளியாக இருந்த ஒரு துணைக்கோளை இன்று ஒரு விண்கலம் படம் பிடித்து அனுப்பிவிடுகிறது. அப்போது பழைய கதையை என்ன செய்வது?

பெரிய தொடர்கள் இதற்கு இரண்டு வழி வைத்திருக்கின்றன. ஒன்று, பூசி மெழுகுவது. 'ஸ்டார் ட்ரெக்' தொடரில் கிளிங்கான்கள் என்ற இனத்தார் 1967-ல் முதன்முதலில் வந்தபோது, அவர்கள் நெற்றி மனித நெற்றி மாதிரியே இருந்தது. 1979-ல் வந்த திரைப்படத்தில் திடீரென்று நெற்றியில் எலும்பு மேடுகள் முளைத்தன. விஷயம் எளிமையானது. 1967-ல் ஒப்பனைக்குக் காசு இல்லை, 1979-ல் இருந்தது. ஆனால் அப்படிச் சொன்னால் ரசிகர்கள் விடுவார்களா? 2005-ல் 'எண்டர்பிரைஸ்' தொடரில் இரண்டு எபிசோடுகளைச் செலவழித்து, மரபணுவைக் கெடுத்த ஒரு வைரஸ்தான் காரணம் என்று கதை கட்டினார்கள்.

இரண்டாவது வழி, மொத்தமாக அழிப்பது. 2012-ல் டிஸ்னி லூகாஸ் ஃபிலிமை வாங்கியது. 2014 ஏப்ரலில், அதுவரை வந்திருந்த 'ஸ்டார் வார்ஸ்' நாவல்களும் காமிக்ஸும் இனி நடந்த கதையாகக் கணக்கில் வராது, அவையெல்லாம் 'லெஜண்ட்ஸ்' என்று அறிவித்துவிட்டார்கள். பல வருடம் அவற்றைக் காசு கொடுத்து வாங்கிப் படித்தவர்களின் நிலைமையை யோசித்துப் பாருங்கள்.

மூன்றாவதாக ஒரு வழி உண்டு. அதைக் காட்டியவர் ஹாலிவுட்டில் இருக்கவில்லை, கொழும்பில் இருந்தார். மில்லர்புரத்துக்குக் கிழக்கே இருக்கிற கடலின் மறுகரை அது.

கடல் பார்க்க வந்தவர்

ஆர்தர் சி. கிளார்க் இங்கிலாந்துக்காரர். 1956-ல் இலங்கையில் குடியேறினார். 2008 மார்ச் 19-ல் கொழும்பில் இறக்கும்வரை அதுதான் அவர் ஊர். அவரை அங்கே இழுத்தது ராக்கெட் இல்லை, கடலுக்கடியில் மூழ்கி நீந்தும் ஆசை. எடையில்லாமல் மிதப்பது எப்படி இருக்கும் என்று பூமியிலேயே தெரிந்துகொள்ள நீருக்கடியில் போவதுதான் வழி என்று நினைத்தவர். முத்தும் சங்கும் எடுக்க மூச்சடக்கி மூழ்கிய தலைமுறைகள் வாழ்ந்த இந்தக் கரையில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

அவருடைய ஒடிஸி வரிசையில் நான்கு நாவல்கள். '2001' வந்தது 1968-ல், '2010' வந்தது 1982-ல், '2061' 1987-ல், '3001' 1997-ல். இடையே இரண்டு திரைப்படங்கள்: ஸ்டான்லி குப்ரிக் எடுத்த '2001' (1968), பீட்டர் ஹயம்ஸ் எடுத்த '2010' (1984). கிட்டத்தட்ட முப்பது வருடம் நீண்ட தொடர். அந்த முப்பது வருடத்தில்தான் மனிதன் சந்திரனில் கால் வைத்தான், வாயேஜர் வியாழனைத் தாண்டியது, சேலஞ்சர் வெடித்தது, சோவியத் யூனியன் காணாமல் போனது. ஒரு தொடர்கதைக்கு இதைவிடக் கஷ்டகாலம் வேண்டுமா?

சனியா, வியாழனா?

குழப்பம் முதல் பாகத்திலேயே ஆரம்பம். '2001' நாவலில் 'டிஸ்கவரி' கப்பல் போவது சனிக்கு. அங்கே அயபெடஸ் என்ற துணைக்கோளில்தான் அந்தப் பெரிய கறுப்புக்கல் நிற்கிறது. படத்திலோ கப்பல் வியாழனோடு நின்றுவிடுகிறது. காரணம் தத்துவம் எல்லாம் இல்லை. சனியின் வளையங்களை நம்பும்படி திரையில் செய்துகாட்ட அப்போதைய தந்திரக்காட்சி ஆட்களால் முடியவில்லை. அவ்வளவுதான்.

பதினான்கு வருடம் கழித்து கிளார்க் இரண்டாம் பாகம் எழுத உட்கார்ந்தபோது அவர் முன்னால் இரண்டு வழி. தன் சொந்த நாவலைப் பின்பற்றினால் சனி. குப்ரிக்கின் படத்தைப் பின்பற்றினால் வியாழன். சொந்த நாவலை ஒதுக்கிவிட்டு வியாழனை எடுத்துக்கொண்டார்.

படம் நாவலைவிடப் பிரபலம் என்பது ஒரு காரணம். ஆனால் அது மட்டும் இல்லை. 1979-ல் இரண்டு வாயேஜர் கலங்களும் வியாழனைக் கடந்து போயின. ஐயோவில் எரிமலைகள் வெடித்துக்கொண்டிருந்தன. ஐரோப்பாவின் மேல் வழவழப்பான பனி ஓடு, அதில் கீறல் கீறலாகக் கோடுகள். அந்தப் பனிக்குக் கீழே கடல் இருக்கலாம் என்ற பேச்சு எழுந்தது. அதற்கு இரண்டு வருடம் முன்புதான், 1977-ல், கலாபகோஸ் தீவுகள் பக்கம் ஆழ்கடலில் வெந்நீர் ஊற்றுகளைச் சுற்றி, சூரிய வெளிச்சமே இல்லாமல் உயிர்கள் வாழ்வதைக் கண்டுபிடித்திருந்தார்கள். இரண்டையும் சேர்த்தால்? ஐரோப்பாவின் இருட்டுக்கடலில் உயிர்!

கடலுக்காகவே நாடு மாறி வந்த மனிதர் இதை விடுவாரா? '2010'-ன் உயிரே அந்தக் கடல்தான். எரிபொருளுக்காகத் தண்ணீர் எடுக்க இறங்கும் சீனக் கப்பலை, விளக்கு வெளிச்சத்துக்கு ஈர்க்கப்பட்டு பனியைப் பிளந்துகொண்டு வரும் ஒரு உயிர் நொறுக்கிவிடுகிற அத்தியாயம் இன்றைக்குப் படித்தாலும் சில்லிடுகிறது. 1968-ல் இதை யாரும் எழுதியிருக்க முடியாது. சனியிலேயே நின்றிருந்தால் 1982-லும் எழுதியிருக்க முடியாது. கதை மாறியதால் கதைக்கு லாபம்.

இதில் முக்கியமானது, அவர் எதையும் மறைக்கவில்லை என்பது. கிளிங்கான் நெற்றிக்குச் செய்த மாதிரி, சனிக்குப் போன கப்பல் வியாழனுக்கு எப்படி வந்தது என்று கதைக்குள் ஒரு சப்பைக்கட்டு கிடையாது. புத்தகத்தின் முன்குறிப்பிலேயே சொல்லிவிட்டார். இந்தப் புத்தகங்கள் நேர்கோட்டில் வரும் தொடர்ச்சி இல்லை, ஒரே கருவின் வேறு வேறு வடிவங்கள் என்பது அவர் நிலை. ஒரே ராகத்தை வேறு வேறு நாளில் பாடுவது மாதிரி என்று எடுத்துக்கொள்ளலாம்.

தமிழ் வாசகனுக்கு இது புதிதே இல்லை. வால்மீகியின் ராவணன் சீதையைக் கையால் பற்றித் தூக்கிப் போகிறான். கம்பனின் ராவணன் அவளைத் தொடுவதில்லை, குடிலோடு நிலத்தையே பெயர்த்துக்கொண்டு போகிறான். வால்மீகியில் வில்லை முறிக்கும் முன் ராமனும் சீதையும் பார்த்துக்கொள்வதில்லை. கம்பனில் மிதிலைத் தெருவிலேயே கண்ணோடு கண் பார்த்துவிடுகிறார்கள். எது அசல் என்று யாரும் கோர்ட்டுக்குப் போகவில்லை. இரண்டும் ராமாயணம்தான்.

சாட்டிலைட் வழியாகப் போன நாவல்

'2010' எழுதிய விதமே ஒரு அறிவியல் புனைகதை. கிளார்க் அதைக் கம்ப்யூட்டரில் வேர்ட்ஸ்டார் மென்பொருளில் அடித்து, கொழும்பிலிருந்து நியூயார்க்குக்கு ஒரே ஒரு ஃப்ளாப்பியில் அனுப்பினார். கடைசி நேரத் திருத்தங்கள் பாதுக்கை தரைநிலையத்திலிருந்து இந்தியப் பெருங்கடலுக்கு மேலே இருந்த இன்டெல்சாட் வழியாகப் போயின. பூமியோடு சேர்ந்து சுற்றும் அந்த மாதிரி செயற்கைக்கோள்களை வைத்து உலகம் முழுக்கத் தகவல் அனுப்பலாம் என்று 1945-ல் 'வயர்லெஸ் வேர்ல்ட்' பத்திரிகையில் எழுதியவரும் இதே கிளார்க்தான். தன் கற்பனை வழியாகவே தன் நாவலின் பிழைத்திருத்தத்தை அனுப்பிய எழுத்தாளர் வேறு யாராவது இருக்கிறார்களா?

அரசியலும் அவரைச் சும்மா விடவில்லை. '2010'-ல் அமெரிக்கர்கள் 'அலெக்ஸி லியோனவ்' என்ற சோவியத் கப்பலில் ஒன்றாகப் போகிறார்கள். அந்தக் கப்பலின் ரஷ்யர்கள் பலருக்கு, சோவியத் அரசை எதிர்த்ததால் தண்டிக்கப்பட்டவர்களின் பெயர்களைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டார். 1984-ல் ஒரு சோவியத் இளைஞர் அறிவியல் பத்திரிகை அதைத் தொடராகப் போட ஆரம்பித்து, இரண்டு இதழோடு நிறுத்தியது. ஆசிரியரின் வேலையும் போனது. 1991-ல் அந்த நாடே கலைந்தது. கதைப்படி 2010-லும் சோவியத் யூனியன் இருக்கிறது. ஆனால் அந்தத் தப்பு இன்று படிப்பவரை உறுத்துவதில்லை. ஏனென்றால் அந்த ரஷ்யர்கள் கொள்கைப் பொம்மைகளாக இல்லாமல், பயப்படுகிற, கிண்டலடிக்கிற மனிதர்களாக இருக்கிறார்கள்.

சந்திரசேகரம்பிள்ளை எங்கே?

இப்போது ஒரு கெட்ட மாற்றம்.

ஹால் 9000 கம்ப்யூட்டரைப் பலருக்கும் தெரியும். அமைதியான குரலில் பேசிக்கொண்டே கப்பலில் இருப்பவர்களைக் கொல்கிற சிவப்புக்கண். அதற்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவர் யார் என்பது பலருக்குத் தெரியாது. குப்ரிக்கின் படத்தில் அவர் பெயர் லாங்லி. கிளார்க்கின் நாவலில் டாக்டர் சந்திரா. '2010' நாவலில் அவருடைய முழுப்பெயர் வருகிறது: சிவசுப்பிரமணியன் சந்திரசேகரம்பிள்ளை.

ஒரு நிமிடம் நின்று அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கலாம். திருநெல்வேலிப் பக்கத்திலோ யாழ்ப்பாணத்திலோ ஒரு கல்யாணப் பத்திரிகையில் பார்க்கிற பெயர். ஆங்கில அறிவியல் புனைகதையின் மிகப் பிரபலமான கம்ப்யூட்டருக்கு வாத்தியார் ஒரு தமிழ்ப் பெயர்க்காரர். வேடிக்கைக்கு வந்து போகிற ஆளும் இல்லை. ஹால் ஏன் கொலைகாரனானது என்று கண்டுபிடிப்பவர் அவர்தான். ஹால் பைத்தியமாகவில்லை, உண்மையைச் சொல்லவே படைக்கப்பட்ட ஒன்றிடம், கூட இருப்பவர்களிடமே பொய் சொல்லச் சொன்னார்கள், அந்த முரண்பாட்டில் அது உடைந்தது என்று நிரூபிப்பவர். கடைசியில் ஹாலிடம் உண்மையைச் சொல்லி விடைபெறுபவரும் அவரே. அடுத்த பாகமான '2061'-ல், அவர் பூமிக்குத் திரும்பும் வழியிலேயே இறந்துவிட்டார் என்று போகிறபோக்கில் தெரியவருகிறது. நான்கு நாவல்களிலும் இவ்வளவு மனதைத் தொடுகிற மனிதர் அதிகம் இல்லை.

1984 படத்தில் அவர் டாக்டர் ஆர். சந்திரா ஆகிவிட்டார். நடித்தவர் பாப் பாலபன் என்ற அமெரிக்கர். நல்ல நடிகர், நன்றாகத்தான் நடித்தார். பிரச்சினை நடிப்பில் இல்லை. சனியை விட்டு வியாழனுக்குப் போனதற்கு வாயேஜர் என்று ஒரு காரணம் இருந்தது. சிவசுப்பிரமணியன் சந்திரசேகரம்பிள்ளையை விட்டதற்கு எந்த விண்கலம் என்ன செய்தி அனுப்பியது? ஒன்றும் இல்லை. சொல்ல வாய் வலிக்கும் என்பதைத் தவிர வேறு காரணம் தெரியவில்லை. லியோனவ் கப்பலின் ரஷ்யப் பெயர்களை மட்டும் அந்தப் படம் சிரமப்பட்டு உச்சரிக்கத்தான் செய்கிறது.

பெருகிய விளக்கமும் குறைந்த மௌனமும்

மூன்றாம் பாகத்திலிருந்து நடையே மாறுகிறது. '2001' மௌனமான புத்தகம். பக்கம் பக்கமாக யாரும் பேசாமல் போகும். '2010'-ல் பேச்சு வந்தது, அது நல்ல பேச்சு. '2061' கிட்டத்தட்ட ஒரு சுற்றுலாக் கப்பல் கதை. வியாழனுக்குப் போகவேண்டிய கலிலியோ கலம் 1986-ல் கிளம்புவதாக இருந்தது. அந்த ஜனவரியில் சேலஞ்சர் வெடித்ததால் தள்ளிப்போய், 1989-ல்தான் கிளம்பியது. புதுத் தகவலுக்காகக் காத்திருக்காமல், அதே 1986-ல் வந்துபோன ஹாலி வால்நட்சத்திரத்தைப் பிடித்துக்கொண்டார் கிளார்க். அது மறுபடி வரும் வருடம்தான் 2061. 103 வயது ஹேவுட் ஃப்ளாய்ட் அந்த வால்நட்சத்திரத்தில் இறங்குகிறார். சுவாரசியம்தான். ஆனால் புத்தகத்தை மூடிய பிறகு மனதில் நிற்பது குறைவு.

'3001'-ல் விளக்கம் எல்லை மீறுகிறது. முதல் பாகத்தில் செத்துப்போன ஃப்ராங்க் பூல் ஆயிரம் வருடம் உறைந்து கிடந்து எழுப்பப்படுகிறார். அவருக்குப் புது உலகத்தைச் சுற்றிக் காட்டுகிறார்கள், பாதிப் புத்தகம் மியூசியம் பார்ப்பது மாதிரி நகர்கிறது. அது போகட்டும். அந்தக் கறுப்புக்கல்லுக்கு என்ன ஆனது? மூன்று புத்தகங்களாக யார் வைத்தது, எதற்கு வைத்தது என்று தெரியாமல் மனிதனை நடுங்கவைத்த கல், இங்கே கொஞ்சம் கோளாறான ஒரு இயந்திரமாகச் சுருங்குகிறது. தன் மேலதிகாரிக்குச் செய்தி அனுப்ப 450 வருடம், பதில் வர 450 வருடம். முதல் பாகத்தில் போமனை ஒரு நொடியில் நட்சத்திரங்களுக்கு அப்பால் கொண்டுபோன அதே கல்! கடைசியில் கம்ப்யூட்டர் வைரஸ் ஏற்றி அதை முடிக்கிறார்கள். முந்தைய வருடம் வந்த 'இண்டிபெண்டன்ஸ் டே' படத்திலும் அதே வைரஸ்தான் வேற்றுக்கிரகவாசிகளைக் கவிழ்த்தது. '2010'-ன் கடைசி அத்தியாயம் 20,001-ல் நடக்கிறது, அங்கே கல் இன்னும் ஐரோப்பாவில் காவல் நிற்கிறது. 3001-லேயே அழிந்துவிட்டால் 20,001-ல் எப்படி நிற்கும்?

கிளார்க்கின் விசிறிகள் இங்கே ஒரு கேள்வி கேட்கலாம். சனியை மாற்றியபோது கைதட்டிவிட்டு, கல்லை மாற்றினால் மட்டும் ஏன் முகம் சுளிப்பது? ஒளியைவிட வேகமாக எதுவும் போகக்கூடாது என்பதும் அறிவியல்தானே? அதை மதித்தது தப்பா?

நியாயமான கேள்வி. பதில் இதுதான். ஐரோப்பாவைப் பற்றி 1968-ல் தெரியாதது 1979-ல் தெரியவந்தது, அதனால் மாற்றினார். தெரிந்துகொண்ட பிறகும் பழையதையே பிடித்துத் தொங்குவதுதான் அறிவியல் கதைக்கு அவமானம். ஆனால் கல்லைப் பற்றி 1997-ல் யாருக்கு என்ன புதிதாகத் தெரிந்தது? எந்தக் கலமும் அதைப் படம் எடுத்து அனுப்பவில்லை. அது கதையின் கேள்வி. நம்மைவிடப் பெரிய அறிவு ஒன்று இருந்தால் அதன் முன்னால் மனிதன் யார் என்ற கேள்வி. அதை அந்த வருடத்துக் கம்ப்யூட்டர் ஞானத்தால் நிரப்பியது புதிதாகக் கற்றுக்கொண்டதாகாது. தெரியாத ஒன்றைத் தெரிந்த மாதிரி காட்டியதுதான். சந்திரசேகரம்பிள்ளை விஷயத்தில் நடந்தது இதற்கு நேர் எதிர், தெரிந்த ஒன்றையே இல்லாததாக்கினார்கள்.

தொடர்கதைகளை அளக்க இதைவிட நல்ல அளவுகோல் கிடைக்காது. ஒத்துப்போகிறதா என்று வரிக்கு வரி சரிபார்ப்பதைவிட, எதற்காக மாற்றினார்கள் என்று கேட்பது மேல். புதிதாகத் தெரியவந்ததால் மாற்றினார்களா, இல்லை வசதிக்காகவா?

தீவை நகர்த்துவது

கிளார்க்கே இதை அழகாகச் செய்துகாட்டிய இடம் ஒடிஸிக்கு வெளியே இருக்கிறது. பூமியிலிருந்து விண்வெளிக்குப் போகும் மின்தூக்கியைப் பற்றி 1979-ல் 'தி ஃபவுண்டன்ஸ் ஆஃப் பாரடைஸ்' எழுதினார். அந்தக் கோபுரம் பூமத்தியரேகையில்தான் நிற்க முடியும். இலங்கையோ அதற்கு வடக்கே இருக்கிறது. என்ன செய்தார்? இலங்கையைச் சுமார் 800 கிலோமீட்டர் தெற்கே நகர்த்தி, தாப்ரபேன் என்று பெயர் மாற்றி, நகர்த்திவிட்டேன் என்று புத்தகத்திலேயே எழுதியும் வைத்தார். பௌதிகத்தை வளைக்கவில்லை, வரைபடத்தை வளைத்தார், அதையும் சொல்லிவிட்டு.

நிஜ உலகத்தில் அந்தச் சலுகை கிடையாது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப்பாதைக்குத் தெற்கே போகும் ராக்கெட் இலங்கைக்கு மேலே பறக்காமல் வளைந்து போகவேண்டியிருக்கிறது, அதில் எரிபொருள் வீணாகிறது. தீவை நகர்த்த முடியாது, அதனால் ஏவுதளத்தை நகர்த்துகிறார்கள். தூத்துக்குடி மாவட்டத்தில் குலசேகரப்பட்டினத்தில் 2024 பிப்ரவரி 28-ல் அடிக்கல் நாட்டினார்கள். அங்கிருந்து சின்ன ராக்கெட்டுகள் இலங்கையை இடிக்காமல் நேராகத் தெற்கே போகலாம்.

2024 அக்டோபர் 14-ல் நாசாவின் யூரோப்பா க்ளிப்பர் கிளம்பியிருக்கிறது. 2030-ல் வியாழனைச் சேரும். பனிக்குக் கீழே என்ன இருக்கிறது என்று கிளார்க்கின் காலத்தைவிட அதிகம் தெரியவரும். '2010'-ல் எழுதியதில் பாதி தப்பு என்று ஆகலாம். ஆகட்டும். சனியையே விட்டுக்கொடுத்தவருக்கு அது ஒரு நஷ்டமா? அடுத்து ஐரோப்பாவைப் பற்றி எழுத உட்காருபவர், அது கொழும்போ தூத்துக்குடியோ, கிளிப்பர் அனுப்பும் படங்களை முதலில் பார்த்துவிட்டு எழுதினால் போதும். கறுப்புக்கல்லை மட்டும் தொடாமல் விடட்டும். சந்திரசேகரம்பிள்ளைக்கு அவர் பெயரைத் திருப்பிக் கொடுக்கட்டும்.